வீட்டாருக்குத் தெரியாத கடன்

குடியானவருக்குக் கடன் புதிதன்று. விதைக்கும் உரத்துக்குமாக வாங்கி, அறுவடை முடிந்ததும் களத்துமேட்டிலேயே கணக்குத் தீர்ப்பது நம் முன்னோர் காலத்திலிருந்து நடந்துவரும் வழக்கம். அத்தகைய கடன் ஊரறிந்தது. வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்ததாகையால், அதனை அடைப்பதற்கு வீடு முழுவதும் சேர்ந்து உழைக்கும். இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டது வேறொரு வகைக் கடன். கணவர் வாங்கி மனைவி அறியாதது, மனைவி வாங்கிக் கணவர் அறியாதது, மகன் கைப்பேசி வாயிலாக வாங்கிப் பெற்றோர் அறியாதது என்று அது பல வகைப்படும். தொகையில் அது பெரும்பாலும் சிறியதே. ஆயினும் குறைந்த வருவாயுள்ள குடும்பத்தை நிலைகுலையச் செய்வதில், ஊரறிந்த கடனைவிட இதுவே வலியது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நடத்திய 77-ஆம் சுற்று மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் வேளாண்மைக் குடும்பங்களுள் 50.2 சதவிகிதம் கடன்பட்டவை; ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் ரூ. 74,121. தமிழ்நாட்டில் அச்சராசரி ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்டிருந்தது. இக்கணக்கு குடும்பத்தில் ஒருவரிடம் வினவி எழுதப்பெற்றது என்பதை வாசகர்கள் மறத்தலாகாது. அவர் அறியாத கடன் அதில் ஏறியிருக்க வழியில்லை. அவர் அறிந்தும் அருகிலிருந்த மனைவியின் பொருட்டுச் சொல்லாது விட்ட கடனும் ஏறியிராது.

திருவண்ணாமலையையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால், மறைகடன் இங்கே ஏன் எளிதில் வேர்விடுகிறது என்பது விளங்கும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பூ, இளநீர், தேநீர், பொம்மை, விபூதி விற்போரும், ஆட்டோ ஓட்டுவோரும், விடுதிகளில் வேலை செய்வோரும் பெரும்பாலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருபவர்களே. பௌர்ணமியன்றும் அதற்கு அடுத்த நாளும் அவர்களுக்குக் கை நிறையக் காசு வரும். கார்த்திகை தீபத்தின்போது அது பன்மடங்காகும். மற்ற நாட்களில் வருவாய் மெலிந்துவிடும். மணிலா பயிரிடுவோருக்கு ஆண்டில் ஓரிரு முறையே பணம் கைக்கு வருகிறது. ஆரணிப் பகுதியில் பட்டுத் தறி நெய்வோருக்குப் பாவு இருந்தால் கூலி உண்டு; இல்லையேல் இல்லை. இவ்வாறு வருவாய் சில நாள் வெள்ளமாகவும் பல நாள் வறட்சியாகவும் வர, தவணையோ நாள்தோறும், வாரந்தோறும் தப்பாமல் வந்து வாயிலில் நிற்கிறது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு சரக்கெடுக்கப் பணம் வேண்டும். தண்டல்காரர் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிறார். வீட்டில் சொல்வானேன், மூன்றாம் நாள் கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. அன்றைக்கு மழை பெய்துவிட்டால் கதை வேறு.

பழைய வரலாறு சிறிது

கிராமக் கடனுக்குப் பரிகாரம் தேடிய முயற்சியில் நம் மாநிலத்துக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. சென்னை மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்து, ஐரோப்பிய நாட்டு நில வங்கிகளையும் கடன் சங்கங்களையும் ஆராயச் செய்தது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களே நம் நாட்டுக்கு ஏற்றவை என்பது அவர் கண்ட முடிவு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே திரூரில் சங்கம் பதிவாயிற்று.

ரைபைசன் முறையின் உயிர்நாடி எது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஒரே ஊரில் வாழ்வோர் ஒருவரையொருவர் நன்கறிவர். இன்னாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், எவ்வளவு நாணயம் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். ஆகவே ஈடில்லாமலும் கடன் கொடுக்கலாம் என்பதே அதன் அடிப்படை. மறைகடன் அவ்வடிப்படையையே அரித்துவிடுகிறது. நான்கு இடங்களில் கடன் உள்ள ஒருவர், ஐந்தாம் இடத்தில் கடனே இல்லாதவரைப்போல் உட்கார்ந்திருப்பார். நம் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே அடிப்படையில் எழுந்தவைதாம். நமக்கு அண்டை மாவட்டமான தருமபுரியில் 1989-இல் அவை தொடங்கின.

1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின் அறிக்கை 1954-இல் வெளிவந்தது. குடியானவர் பெற்ற கடனில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு வட்டிக்குக் கொடுப்போரிடமிருந்தும், வெறும் 3.1 சதவிகிதம் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தும் வந்தது என்று அது காட்டிற்று. இன்று வங்கிகளும் சங்கங்களும் எவ்வளவோ பெருகிவிட்டன. ஆனால் லேவாதேவிக்காரர் ஒழிந்துவிட்டார் என்று எண்ணுவது தவறு. அவர் இருசக்கர வண்டியில் வருகிறார். கைப்பேசிச் செயலியாகவும் வருகிறார். மறைத்து வாங்க விரும்புவோர் அவரிடமே செல்கின்றனர். ஏனெனில் சங்கத்தில் பட்டாவும் குடும்ப அட்டையும் கேட்பார்கள். சில வேளைகளில் வாழ்க்கைத் துணையின் கையொப்பமும் கேட்பார்கள். அவரோ ஒன்றும் கேட்பதில்லை. அந்தக் கேளாமைக்குத்தான் நாம் அதிக வட்டி கொடுக்கிறோம்.

ஏன் மறைக்கிறார்கள்?

குடியும் சூதுமே காரணம் என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அவையும் உண்டு. ஆனால் என் அனுபவத்தில் அவை பாதிகூட இல்லை. பிறந்த வீட்டுத் தம்பிக்கு மருத்துவச் செலவுக்கு உதவிய பெண், அதனைக் கணவர் வீட்டில் சொல்ல அஞ்சுகிறாள். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் குறைந்த ஐயாயிரத்தைக் கைமாற்றாக வாங்கிய தகப்பனார், தம்மால் இயலவில்லை என்பதை மனைவியிடம் காட்டிக்கொள்ள வெட்கப்படுகிறார். மொய் இன்னொன்று. நம் வீட்டு விசேஷத்தில் ஆயிரம் எழுதியவருக்கு அதற்குமேல் திருப்பி எழுதாவிட்டால் மானக்கேடு என்ற எண்ணம் நம்மவருக்கு உறுதியாக இருக்கிறது. ஆவணி மாதத்தில் ஒரே வாரத்தில் நான்கு பத்திரிகைகள் வந்துவிட்டால் கூலி வேலை செய்பவர் எங்கே போவார்? மொய் நோட்டும் ஒரு கடன் நோட்டுத்தான். அதில் வட்டி என்ற சொல் மட்டும் இல்லை.

இவற்றுள் மிகவும் அபாயமானது, பிறருக்காகப் பெயர் கொடுத்தல். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இனிக் கடன் கிடையாது என்று குழுவில் சொல்லிவிட்டார்கள், அவள் கெஞ்சுகிறாள், நம் பெயரில் வாங்கி அவளிடம் கொடுத்துவிடுகிறோம். அவள் ஆறு வாரம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, ஏழாம் வாரம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறாள். சட்டத்தின் கண்ணுக்குக் கடனாளி நாமே. வாங்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூட நம் வீட்டுக்கு வராத நிலையில், அதனைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே கட்டுவதற்கு இன்னொரு கடன் பிறக்கிறது.

கணக்கு

மறைகடனின் வட்டி ஏன் வீட்டைத் தின்கிறது என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். தண்டலில் 10,000 ரூபாய் எழுதிக்கொண்டு கையில் 8,500 ரூபாய் கொடுப்பார்கள். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். வட்டி 1,500 ரூபாய்தானே, நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். அன்று. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருந்தது 4,300 ரூபாய்க்கும் குறைவு. அதற்கு 1,500 ரூபாய் வட்டி மூன்றேகால் மாதத்தில் கட்டியிருக்கிறோம். ஆண்டுக் கணக்கில் இது 120 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 60 சதவிகிதம். தனியார் அடகுக் கடையில் 3 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவிகிதம். மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் ஒன்று மட்டும் நம்மிடம் இருந்தால், பல கடன்கள் வாசற்படியிலேயே நின்றுவிடும்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இஃது விளக்கத்துக்காக அமைத்த கணக்கே. ஆயினும் இதுபோன்ற வீடுகளை நம் ஊர்களில் எங்கும் காணலாம். கணவர் நகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். சராசரி மாத வருவாய் 12,000 ரூபாய். மனைவி களையெடுப்பிலும் மணிலா பறிப்பிலும் 5,000 ரூபாய் ஈட்டுகிறார். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். ஆக 18,000. உணவு, பள்ளி, மின்சாரம், மருந்து, பெட்ரோல் நீங்கலான வண்டிச் செலவு யாவும் சேர்த்து 11,500 ஆகிறது. மிச்சம் 6,500 ரூபாய்.

இருவரும் அறிந்த கடன் ஒன்றே. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் 40,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 10 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 330 ரூபாய். கவலைக்கு இடமில்லை. ஆனால் கணவருக்கு மட்டும் தெரிந்தவை, நாளைக்கு 100 ரூபாய்த் தண்டல் ஒன்றும், 5 ரூபாய் வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய்க் கைமாற்று ஒன்றும். மாதத்துக்கு 3,000-மும் 1,000-மும் போகின்றன. மனைவிக்கு மட்டும் தெரிந்தவை, இரண்டு வாரக் குழுக் கடன்களும், 3 ரூபாய் வட்டிக்கு அடகு வைத்த 30,000 ரூபாய் நகையும். வாரத் தவணை 600-ம் 450-ம் ஆக மாதத்துக்கு 4,550 ரூபாய். அடகு வட்டி 900 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் மாதத்துக்கு ஏறக்குறைய 9,800 ரூபாய் வெளியே போகிறது. மிச்சமோ 6,500. மாதந்தோறும் துண்டு விழுவது 3,300 ரூபாய்.

கவனியுங்கள்: கணவரின் கணக்கில் அவருடைய தவணை 4,000 ரூபாய்தான், சமாளிக்கலாம் என்று அவர் நினைக்கிறார். மனைவியின் கணக்கில் அவருடைய தவணை 5,450 ரூபாய்தான். அவரும் அப்படியே நினைக்கிறார். தனித்தனியே பார்த்தால் இருவர் கணக்கும் சரி. இரண்டும் சேரும்போது வீடு ஓராண்டில் 39,600 ரூபாய்ப் புதுக்கடனில் விழுகிறது. அந்தப் புதுக்கடனும் மறைவாகவே வாங்கப்படுகிறது. மறைத்தலின் தீமை இதில்தான் அடங்கியிருக்கிறது. இதில் ஒழுக்கக் கேட்டைத் தேடிக் காண வேண்டுவதில்லை. கூட்டல் கணக்கு போடப்படவில்லை, அவ்வளவே.

ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த நுண்கடன் விதிகளும் இதனைத் தடுக்க முற்படுகின்றன. ஆண்டு வருவாய் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடின்றிக் கடன் கொடுக்கும் நிறுவனம், அக்குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருவாயில் பாதியை மிகாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பம் என்பது கணவர், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது. மேற்சொன்ன வீட்டில் பாதி வருவாய் 9,000 ரூபாய். தவணை அதனைத் தாண்டிவிட்டது. விதி இருந்தும் எப்படித் தாண்டிற்று? தண்டலும் கைமாற்றும் அடகுக்கடைச் சீட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடன் கேட்டவரும் சொல்லவில்லை.

சொல்லும் முறை

கடனை அடைக்கும் முதல் வேலை பணத்தைத் தேடுவது அன்று, வீட்டில் சொல்லுவதேயாகும். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது என்பதை அறிவேன். ஆகையால் சில நடைமுறைக் குறிப்புகளைத் தருகிறேன்.

முதலில், சொல்லப்போகிறவர் தம் கடன் முழுவதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். யாரிடம், எந்தத் தேதியில், கையில் பெற்றது எவ்வளவு, எழுதிக் கொடுத்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இன்னும் எவ்வளவு, ஈடாகக் கொடுத்தது என்ன என்ற ஏழு செய்திகளும் ஒவ்வொரு கடனுக்கும் வேண்டும். வெற்றுக் காசோலை, எழுதாத புரோநோட்டு, ஏ.டி.எம். அட்டை, குடும்ப அட்டை எதையாவது கொடுத்திருந்தால் அதனையும் எழுதுக. வங்கியிலும் நுண்கடன் நிறுவனத்திலும் வாங்கிய கடன்களைச் சரிபார்க்க வழியுண்டு. நம் நாட்டிலுள்ள கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும், கேட்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. பெயர் கொடுத்து ஏமாந்தவர்கள் தம் பெயரில் என்னென்ன கடன் உள்ளது என்பதை இதனால் அறியலாம். பொது இ-சேவை மையத்தில் இருக்கும் இளைஞரிடம் உதவி கேட்கலாம். ஆனால் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் அவரிடம் விட்டுவிட்டு வரலாகாது.

பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பதைவிடச் சொல்லாமல் இருப்பதே மேல் என்றுகூடக் கூறுவேன். முதல் நாள் 20,000 என்று சொல்லி, ஒரு மாதம் கழித்து இன்னும் 30,000 உண்டு என்றால், பிறகு உண்மையையே சொன்னாலும் நம்புவார் இல்லை. சொல்வதற்குரிய நேரமும் முக்கியம். தவணைக்காரர் வாசலில் நிற்கும்போதும், உறவினர் வந்திருக்கும்போதும், குடித்த நிலையிலும் இப்பேச்சு கூடாது. வீட்டில் அடிதடிக்கு இடமுண்டு என்ற அச்சமிருந்தால், பெண்கள் தனியே சொல்ல வேண்டுவதில்லை. தாய்மாமனையோ, மாமியாரையோ, நம்பத்தக்க குழுத் தலைவியையோ உடன் வைத்துக்கொள்ளலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

கேட்பவருக்கும் ஒரு வார்த்தை. அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்களோ, அதைப் பொறுத்தே மீதிக் கடன் வெளிவருவதும் உள்ளேயே கிடப்பதும். ஏன் வாங்கினாய் என்ற வினா நியாயமானதுதான்; ஆனால் அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று மட்டும் அன்று கேளுங்கள். உங்கள் பக்கத்திலும் ஒன்றிரண்டு இருக்குமானால் அவற்றையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள். இருப்பதுதான் பெரும்பான்மை வழக்கம்.

அடைக்கும் வரிசை

நோட்டு நிரம்பிய பின், எந்தக் கடனை முதலில் அடைப்பது? அதிகமாகச் சத்தம் போடுகிறவருக்கே முதலில் கொடுப்பது நம்மவர் வழக்கம். அது தவறு. அதிக வட்டிக்கே முதலிடம். முன்சொன்ன வீட்டையே பார்ப்போம். தங்கத்தின் விலை அண்மை ஆண்டுகளில் பெரிதும் உயர்ந்துவிட்டது. எனவே சங்கத்தில் பழைய விலையில் வைத்த நகைக்கடனை முடித்து, இன்றைய மதிப்பில் மறுபடி வைக்கும்போது கூடுதல் தொகை கிடைக்கக்கூடும். அதில் 50,000 ரூபாய் பெற்று, 30,000 ரூபாய் அடகையும் 20,000 ரூபாய்க் கைமாற்றையும் அன்றே தீர்த்துவிட்டால், அவ்விரண்டுக்கும் ஆண்டு வட்டியாகக் கட்டிவந்த 22,800 ரூபாய் 5,000 ரூபாயாகக் குறையும். கைமாற்றுக்குக் கொடுத்த புரோநோட்டைக் கையோடு திரும்பப் பெற்றுக் கிழித்துவிட வேண்டும். பெற்ற பணத்தைக் கொண்டு அன்றே பழங்கடனைத் தீர்க்காவிட்டால் இவ்வுபாயம் நஞ்சாகிவிடும். கடன் 50,000 கூடியதுதான் மிச்சமாகும்.

தண்டலில் இன்னும் 60 நாள் பாக்கி என்று கொள்வோம். கட்டி முடிக்க வேண்டும். ஆனால் முடிந்த அன்றே அவர் நீட்டும் புதிய நோட்டை வாங்கக் கூடாது. தண்டல் தொழில் நடப்பதே அந்தப் புதுப்பித்தலால்தான். அந்த இரண்டு மாதமும் இவ்வீட்டுக்கு மாதம் 1,800 ரூபாய் துண்டு விழும். அதனை ஈடுகட்ட அறுவடைக் கூலியையோ தீபத் திருவிழாவின் கூடுதல் ஓட்டத்தையோ நம்பலாம்; ஆகவே எந்த மாதத்தில் இதைத் தொடங்குவது என்பதையும் யோசித்தே செய்ய வேண்டும். தண்டல் ஒழிந்த பின் மாதச் செலுத்துகை வாரக் குழு 4,550-ம், 90,000 ரூபாய் நகைக்கடனுக்கு வட்டி 750-ம் ஆக 5,300 ரூபாய். மிச்சமான 6,500-க்குள் அது அடங்கிவிடுகிறது. ஓராண்டில் வாரக் கடன்கள் முடிந்ததும், விடுபடும் தொகை முழுவதையும் நகைக்கடன் அசலில் வரவு வைத்துவந்தால், இரண்டரை ஆண்டுக்குள் வீடு மீண்டுவிடும். வருவாய் ஒரு ரூபாயும் கூடவில்லை என்பதைப் பாருங்கள்.

நகை இல்லாத வீடுகள் என்ன செய்வது? அவர்களுக்கு வழி நீளமானது. குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து உட்கடன், வங்கி இணைப்புக் கடன், பயிர் செய்வோருக்குச் சங்கத்தின் பயிர்க்கடன், நகரில் தெருக்கடை வைத்திருப்போருக்கு 2020-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி கடன் ஆகியவற்றுள் பொருந்துவதைத் தேடவேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடன் தவணை தவறாது கட்டுவோருக்கு வட்டியில்லாதது. ஆனால் அதனை வாங்கித் தண்டலில் போட்டுவிட்டு, உரத்துக்கு மறுபடி கைமாற்று வாங்கினால் சுற்று மீண்டும் தொடங்கும். கடன் கொடுத்தவரிடம் நேரில் சென்று, வட்டியை நிறுத்தி அசலை மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளும்படி கேட்பதிலும் தவறில்லை. ஒளிந்து திரிபவரைவிட நேரில் வந்து கேட்பவரிடம் இசைவோர் நம் ஊர்களில் உண்டு. இசைந்தால் எழுத்தில் வாங்குக.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்போரும் இருக்கின்றனர். 1938-இல் சென்னை மாகாணத்தில் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் வரை நிலுவையாயிருந்த வட்டியைத் தள்ளிற்று. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இவையெல்லாம் ஏட்டில் உள்ள கடனுக்கே. வீட்டார்க்கே தெரியாத கடனை எந்த அரசாணையும் தேடிக்கொண்டு வராது.

சட்டம் தரும் பாதுகாப்பு

கந்து வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்து 2003-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருந்தும், 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நிகழ்ந்த துயரத்தில், கந்து வட்டியால் நைந்த ஒரு குடும்பமே, இரு பெண் குழந்தைகள் உட்பட, மாண்டது. மனுவைப் பெறுகிற இடத்தில் இருக்கும் நாம் அனைவரும் அந்நாளை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். கடன் வழங்கும் நிறுவனங்கள் கட்டாய முறையில் வசூலிப்பதைத் தடுக்கும் இன்னொரு சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிற்று.

நுண்கடன் வசூலில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைத்தல், உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொல்லைப்படுத்தல், கடனாளியின் பெயரைப் பலரறியச் செய்தல் ஆகியவை ரிசர்வ் வங்கி விதிப்படி கூடாதவை. முன்கூட்டியே கடனை முடிப்பவரிடம் அபராதம் வாங்குதலும் கூடாது. முறையீட்டை முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும், 30 நாளில் தீராவிடில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், தகவலுக்கு 14448. செயலிக் கடன்காரர் புகைப்படங்களைத் திரித்து மிரட்டினால் 1930-க்கு உடனே சொல்லுக. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் வருமான வரம்பு கிடையாது.

பலருக்கும் தெரியாத ஒன்று: கணவர் தனியே வாங்கிய கடனுக்கு, தானும் கையொப்பமிட்டிராத மனைவி தன் சொந்தப் பொறுப்பில் கட்டக் கடமைப்பட்டவள் அல்லள். அவர் காலமானால், அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே அக்கடன் வாரிசுகளைத் தொடரும். பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்பே புரோநோட்டுடன் வந்து நிற்போருக்கு இதனைச் சொல்ல ஊரில் ஒருவராவது வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

இவ்விஷயத்தில் ஊராட்சி மன்றத்தார் செய்யத்தகாததை முதலில் கூறிவிடுகிறேன். கடனாளியைக் கோயில் திண்ணைக்கு அழைத்துப் பலர் முன்னிலையில் கணக்குக் கேட்கலாகாது. கிராம சபையில் பெயர் சொல்லிப் பேசலாகாது. அவ்வாறு ஒருவரைக் கேட்டால், மற்ற இருபது பேர் தம் கடனை இன்னும் ஆழமாகப் புதைத்துவிடுவர். வசூலுக்கு வருவோருடன் துணையாகச் சென்று நிற்பதும் உறுப்பினருக்கு அழகன்று.

செய்யத்தக்கவை சிலவே. கூட்டுறவுச் சங்கச் செயலாளரையும் வங்கி அலுவலரையும் ஆண்டுக்கு இருமுறை, ஆடி விதைப்புக்கு முன்பும் தீபத்துக்கு முன்பும், ஊருக்கு அழைத்து நகைக்கடன் மாற்றத்தையும் பயிர்க்கடனையும் விளக்கச் செய்யலாம். எல்லோரும் வரும் கூட்டமாகையால், யார் கடனாளி என்று எவருக்கும் தெரியாது. ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் கணக்கு எழுதத் தெரிந்த, வாயடக்கமுள்ள இருவரைத் தேர்ந்து, நோட்டு எழுத உதவி கேட்டு வருவோருக்குத் துணைபுரியச் செய்யலாம். வாயடக்கமே இங்கே முதல் தகுதி, படிப்பு இரண்டாவது. பதிவு பெறாத தீபாவளிச் சீட்டுக்கு ஊரில் ஆள் பிடிக்க வருவோரிடம், 1982-ஆம் ஆண்டுச் சீட்டுநிதிச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றைக் கேட்கலாம். மேலே சொன்ன எண்களை நியாய விலைக் கடையின் சுவரில், பெண்கள் வரிசையில் நிற்கும் பக்கமாக, பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். கடன் தொல்லையால் மனமுடைந்து பேசுவோர் எவரேனும் இருப்பின், அதனை வெறும் பேச்சென்று விட்டுவிடாது, அன்றே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும், 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேசச் செய்வதும் வார்டு உறுப்பினர் தாமே செய்யக்கூடியவை. அந்த இரண்டு எண்களையும் சுவரில் மேல் வரிசையில் எழுதுக.